வடபழனிக்காரியின் தலைக்குள் கேட்ட சத்தம்

டாக்டரை நான் முதன்முதலில் பார்த்தது ஆஸ்பத்திரியில் அல்ல, தி. நகரில் ஒரு புடவைக் கடையில். ஓவியப் பள்ளியில் படித்து முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த எனக்கு, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கடை வைத்திருந்த ஓர் அண்ணாச்சி மாடியில் ஒரு மேஜையும் நாற்காலியும் போட்டுக் கொடுத்திருந்தார். பட்டுப் புடவைகளின் கரைக்கும் முந்தானைக்கும் கட்டம் போட்ட தாளில் மாதிரி வரைந்து தர வேண்டும். ஒரு நாள் மனைவியோடு வந்திருந்த ஒருவர், அந்த அம்மாள் கீழே புடவைகளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்ததில் அலுத்துப்போய், மாடியேறி வந்து என் பின்னால் நின்றார். நான் கொடி ஒன்றைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"கிளை பிரியப் பிரிய மெலிசாகிட்டே போகுது. கை எங்கயும் நடுங்கல," என்றார். "இதே மாதிரி ரத்தக்குழாய் வரைவீங்களா?"

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஆனால் அந்த மாதமே அடையாற்றில் அவர் வீட்டுக் கார் ஷெட்டில் எனக்கு வேலை ஆரம்பித்துவிட்டது. எழுபதுகளின் தொடக்கம் அது.

அவர் மூளை அறுவை செய்கிறவர். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை. அங்கே நோயாளிகளைப் படுக்க வைக்கவே இடம் போதாது, இதில் ஆராய்ச்சிக்கு யார் இடம் கொடுப்பார்கள்? அதனால் தன் காரைத் தெருவில் வெயிலில் நிறுத்திவிட்டு, ஷெட்டை ஆராய்ச்சி அறையாக்கிக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து விளக்கெரியும் பால் கண்ணாடிப் பெட்டி ஒன்று, அதன் முன் எனக்கு ஒரு முக்காலி, சுவர் முழுக்க எக்ஸ்ரே படங்கள்.

அவை சாதாரண எக்ஸ்ரே அல்ல. கழுத்தில் ஓடும் பெரிய குழாயில் ஊசி குத்தி ஒரு மருந்தைச் செலுத்தி, அது தலைக்குள் ஏறுகிற கணத்தில் அடுத்தடுத்து எடுக்கிற படங்கள். எலும்பின் சாம்பல் நிறத்துக்குள்ளே வெள்ளையாக ஒரு மரம் தெரியும். அடிமரம், கிளை, சிறு கிளை, அதற்கப்புறம் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள். ரத்தம் அந்த மயிரிழைகளுக்குள் நுழைந்து வேகம் தணிந்து, மறுபக்கம் வேறு குழாய்கள் வழியாகத் திரும்பிவிடும். எல்லோருக்கும் அப்படித்தான். சிலருக்கு மட்டும் பிறக்கும்போதே ஓரிடத்தில் அந்த மயிரிழைகள் உண்டாகாமல் போய்விடுகின்றன. போகிற குழாயும் வருகிற குழாயும் நேராக ஒன்றோடொன்று கலந்து, நூல்கண்டு சிக்கிக்கொண்டதுபோல் ஒரு முடிச்சாகக் கிடக்கின்றன. வேகம் தணியாத ரத்தம் அதற்குள் பாய்ந்துகொண்டே இருக்கும். என்றாவது அது வெடிக்கலாம். வெடிக்காமலும் போகலாம்.

டாக்டர் தேடிய விடை ஒன்றுதான். இந்த முடிச்சுக்கு எங்கெங்கிருந்து ரத்தம் வருகிறது, எந்த வழியை அடைத்தால் அது வாடும்? படத்தில் குழாய்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பிக் கிடக்கும். எது முன்னால், எது பின்னால் என்று அவர் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல நான் பிரித்து வரைவேன். போகிற குழாய்க்குச் சிவப்பு மை, வருகிற குழாய்க்கு நீலம். எந்தப் படம் யாருடையது என்று எனக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை.

மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் இந்த வேலை அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "எங்க வேணா போய் என்ன வேணா வரைடி. ஆத்துக்கு வந்து சாதம் போடற நேரத்துல அதையெல்லாம் சொல்லாதே," என்பாள். நானும் சொல்வதை விட்டுவிட்டேன்.

ஒரு நாள் டாக்டர், "நீங்க ஒருத்தரைப் பார்க்கணும். பார்க்கறதைவிட, கேக்கணும்," என்று சொல்லி என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். என்னைவிட இரண்டொரு வயது இளையவளாக இருப்பாள். வார்டில் எல்லோரும் அவளை வடபழனிக்காரி என்றே கூப்பிட்டார்கள். சினிமா ஸ்டூடியோ ஒன்றில் துணை நடிகைகளுக்கு உடுப்பு தைக்கிறவள். அவள் புருஷனும் அதே ஸ்டூடியோவில் விளக்குத் தூக்குகிறவர்.

கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவளுக்குத் தலைக்குள் ஒரு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. காதில் பூச்சி போயிருக்கும் என்று எண்ணெய் காய்ச்சி ஊற்றினார்கள். காது டாக்டர் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார். மாமியார் யாரையோ கூட்டிவந்து எலுமிச்சம்பழம் சுற்றிப் போட வைத்தாள். செத்துப்போன நாத்தனார் இவள்மேல் வந்திருக்கிறாள் என்று முடிவாயிற்று. அவளும் அதை நம்பத் தொடங்கியிருந்தாள். இது நடந்து கொஞ்ச நாளில் தையல் மிஷின் முன்னாலேயே வலிப்பு வந்து விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள்.

டாக்டர் அவளைக் கண்ணை மூடச் சொன்னார். மூடிய இடது இமையின் மேல் ஸ்டெதாஸ்கோப்பை மெல்ல வைத்து, மறுமுனையை என் காதில் மாட்டினார்.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு கேட்டது. ஊஷ், ஊஷ், ஊஷ். மூடிய கதவுக்குப் பின்னால் யாரோ மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பதுபோல. அவள் மணிக்கட்டில் டாக்டர் விரல் வைத்திருந்தார். ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு மூச்சு. அவள் கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"உங்களுக்குக் கேக்குதாக்கா?"

"கேக்குது."

"நெஜமாவா? ஊஷ் ஊஷ்னு?"

"ஆமாம். அப்படியேதான்."

அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். "அப்போ நெஜமாவே கீது. நான் ஒண்ணியும் பைத்தியம் இல்ல. எம்மேல யாரும் வந்து உக்காரல," என்று சொல்லிச் சொல்லி அழுதாள். பார்வை நேரத்தில் புருஷன் வந்ததும் அவரையும் கேட்க வைக்கச் சொன்னாள். அவர் காதில் மாட்டிக்கொண்ட வேகத்தில் கழற்றி டாக்டர் கையில் கொடுத்துவிட்டு வராந்தாவுக்குப் போய் நின்றுகொண்டார். நல்ல உயரமான மனிதர். ஸ்டூடியோக் கூரைக்குக் கீழே பலகைமேல் நடந்து விளக்குக் கட்டுகிறவர், அன்று வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவளுடைய படங்களை வரைவதற்கு எனக்குப் பல வாரங்கள் பிடித்தன. அதுவரை வரைந்தவை யாருடையவையோ. இது அவளுடையது. முடிச்சு ஆழத்தில் இருந்தது. வெட்டியெடுக்கப் போனால் பேச்சும் வலது கையும் போய்விடும் என்றார் டாக்டர். இடது கழுத்திலிருந்து ஏறும் குழாய்தான் அதற்குப் பெரும்பங்கு ரத்தத்தைக் கொண்டு போனது. மதியத்தில் ஷெட் இருந்த அந்தத் தெருவில் ஒரு சத்தமும் இருக்காது. சிவப்பு மையைத் தொட்டு அந்த வளைவுகளைப் போடும்போது எனக்கு அந்த மூச்சு கேட்கும். வெளியே எழுந்து போய்ப் பார்ப்பேன். வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒருக்களித்துப் படுத்தால் தலையணையோடு ஒட்டிய காதில் என் நாடியே அப்படி அடிக்கும். எழுந்து உட்கார்ந்து, இது என் ரத்தம், இது எல்லோருக்கும் கேட்கிறதுதான் என்று எனக்கே சொல்லிக்கொள்வேன். அம்மா என்னை ஓரக்கண்ணால் பார்ப்பாள்.

அறுவைக்கு முந்தைய வாரம் அவள் அடையாற்றுக்கு வந்தாள். டாக்டர்தான் அழைத்திருந்தார். தன் தலைக்குள் இருப்பதை அவள் பார்க்க ஆசைப்பட்டாளாம். கண்ணாடிப் பெட்டியின் விளக்கைப் போட்டு, என் படத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். வெகுநேரம் குனிந்து பார்த்தாள்.

"இவ்ளோதானா? இன்னாக்கா இது, வேர் மாதிரி கீது. மூஞ்சி எங்க?"

"அதுக்கு மூஞ்சி கிடையாது. வெறும் குழாய்தான்."

"எனுக்கு மூஞ்சி கீற மாதிரியே தோணிகினு இருந்திச்சி," என்றாள். ஏமாற்றம்தான் அவள் குரலில் தெரிந்தது.

டாக்டர் அவளை நாற்காலியில் உட்கார வைத்து இடது கழுத்தில் கட்டைவிரலால் அழுத்தினார். அவள் கண் விரிந்தது. "நின்னுடுச்சி," என்றாள். வலது கையைத் தூக்கச் சொன்னார், தூக்கினாள். பேர் சொல்லச் சொன்னார், சொன்னாள். விரலை எடுத்ததும், "தோ, வந்துடுச்சி," என்றாள். அந்தக் குழாயை நிரந்தரமாகக் கட்டிவிடுவதுதான் டாக்டரின் திட்டம். அந்தக் காலத்தில் பல ஊர்களிலும் செய்துகொண்டிருந்ததுதான் அது.

கட்டினார். அறுவை நன்றாகவே முடிந்தது. பேச்சு, கை, கால் எதற்கும் பழுதில்லை. இமைமேல் வைத்துக் கேட்டார், ஒன்றும் கேட்கவில்லை. வார்டில் நர்சுகள்கூடச் சிரித்துக்கொண்டே போனார்கள். கழுத்தில் கட்டோடு படுத்திருந்தவளிடம், "எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"ஒரே கம்முனு கீதுக்கா," என்றாள். "பக்கத்துல குந்திகினு இருந்தவங்க யாரோ சொல்லாம கொள்ளாம எழுந்து பூட்ட மாதிரி. தூக்கமே வரல."

போகப் போகச் சரியாகிவிடும் என்றேன்.

டாக்டர் அந்த நாட்களில் ஷெட்டுக்குள் வரும்போதே ஏதாவது முணுமுணுத்துப் பாடிக்கொண்டு வருவார். அவளுடைய முதல் படத்தைச் சுவரில் நடுவில் மாட்டச் சொன்னார். அவளைப்போலவே முடிச்சு உள்ள இன்னும் சிலருக்கும் இதைச் செய்யலாம் என்று பேச்சு நடந்தது. அவர்களில் ஒருவன் கோபாலபுரத்தைச் சேர்ந்த கல்லூரி மாணவன். அவன் அப்பா பல தடவை ஷெட்டுக்கே வந்து தேதி கேட்டுவிட்டுப் போனார்.

ஒரு மழைக்காலம் தாண்டியது. தி. நகரில் பார்க்குக்குப் பக்கத்துக் கடையொன்றில் நான் தூரிகை வாங்கிக்கொண்டு திரும்பும்போது பின்னாலிருந்து, "அக்கா," என்று குரல் கேட்டது. அவள்தான். கையில் ஜரிகைச் சுருளும் கண்ணாடி மணியும் ஒரு பை நிறைய. ஏதோ ராஜா கதைப் படமாம், உடுப்புக்கு வாங்க வந்திருந்தாள். கழுத்துத் தழும்பைப் புடவைத் தலைப்பால் மூடியிருந்தாள். பூசினாற்போல் நன்றாகத்தான் இருந்தாள். ஒரு கடை ஓரமாக நின்று பேசினோம். பேச்சுக்கு நடுவில் சாதாரணமாகச் சொன்னாள்.

"அது வந்துடுச்சிக்கா."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது சுற்றிலும் அத்தனை கூட்டம், அத்தனை இரைச்சல், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"எப்போலேர்ந்து?"

"தீபாவளிக்கு முன்னியே. மொதல்ல எங்கியோ எட்டத்துல கேட்டுச்சி. நான் நெனப்புனு உட்டுட்டேன். அப்பால கிட்ட வந்துகினே கீது. இப்போ முன்ன மாதிரியேதான். கொஞ்சம் வேற மாதிரி. மெலிசா, விசிலு மாதிரி."

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"அவருகிட்ட எப்படிக்கா சொல்றது? அவ்ளோ சந்தோஷமா இருந்தாரு. மூஞ்சி வாடிப்பூடும். எங்க வூட்டுக்காரருகிட்ட கூட சொல்லல. அவரு தெனமும் என்னாண்ட, 'நின்னுகினுதான கீது'னு கேப்பாரு. ஆமானுடுவேன்."

"நீ சொல்லலேன்னா நான் சொல்வேன்," என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்களே சொல்லிடுங்கக்கா," என்றாள். அதற்காகத்தான் என்னைக் கூப்பிட்டு நிறுத்தினாள் போலும்.

மறுநாளே டாக்டரிடம் சொன்னேன். அவளை வரவழைத்து, இமைமேல் வைத்துக் கேட்டார். கேட்டுக்கொண்டே இருந்தார். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்க்கிற அளவுக்கு. பிறகு ஸ்டெதாஸ்கோப்பைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு, "நீ ஏம்மா பயந்துகிட்டு மறைச்சே? என்கிட்ட சொல்றதுக்கு என்ன?" என்றார். கோபமே இல்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

இந்தத் தடவை வலது கழுத்திலும், கை வழியாகப் பின்கழுத்துக் குழாயிலும் மருந்து செலுத்திப் படம் எடுத்தார்கள். படங்களைக் கண்ணாடிமேல் வைத்துப் பார்த்தபோது எனக்கே தெரிந்தது. கட்டிய குழாய் கட்டியபடிதான் இருந்தது. ஆனால் முன்பு ஒன்றுமே இல்லாத இடங்களிலிருந்து மெல்லிய இழைகள் புறப்பட்டு முடிச்சை நோக்கி வந்திருந்தன. வலது பக்கத்திலிருந்து, பின்பக்கத்திலிருந்து, நெற்றிக்கு மேலிருந்துகூட. சிலந்தி வலையில் எல்லா நூலும் நடுவுக்கு வருமே, அப்படி. என் முதல் படத்தைவிட இரண்டாவதை வரைவது பலமடங்கு கடினமாக இருந்தது.

"அதுக்குப் பசி," என்றார் டாக்டர், தனக்குத் தானே பேசுவதுபோல. "நான் ஒரு பக்கம் நிறுத்தினேன். அது நாலு பக்கம் கை நீட்டியிருக்கு." நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "முன்னால ஒரு பெரிய குழாய். எங்க இருக்குன்னு தெரியும். இப்போ எதைன்னு கட்டறது?"

அவளிடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். இனி செய்ய ஒன்றும் இல்லை, வலிப்புக்கு மாத்திரையைத் தவறாமல் போட்டுக்கொள், பாரம் தூக்காதே, தலைவலி வந்தால் அந்த நிமிடமே வா. அவள் கேட்டுவிட்டு, "சரி சார். தையல் மிஷின் மிதிக்கலாமா?" என்றாள். மிதிக்கலாம் என்றார்.

அதற்குப் பிறகு சில வருஷங்கள் அவள் இருந்தாள். மாதம் ஒரு தடவை மாத்திரைக்கு வருவாள், வந்தால் என்னையும் பார்க்காமல் போகமாட்டாள். எனக்கு ஒரு ரவிக்கை தைத்துக் கொடுத்தாள். அளவே எடுக்காமல், பார்த்தே தைத்தது. கச்சிதமாக இருந்தது. ஒரு தடவை நான் கேட்டேன், பயமாக இல்லையா என்று.

"பயந்தான். ஆனா, தெரியாத இருட்டுல குந்திகினு இருந்தப்போ பட்ட பயம் இல்லக்கா இது," என்றாள்.

எனக்குத்தான் குறையவில்லை. உள்வீட்டு டெலிபோன் மணி ஷெட்டுக்குள் எப்போது கேட்டாலும் வரைகிற கை நின்றுவிடும். அவளுக்கு ஏதாவது ஆயிற்றோ என்று இருக்கும்.

அது டெலிபோனில் வரவில்லை. நல்ல மழை பெய்துகொண்டிருந்த ஒரு பகலில் டாக்டர் நனைந்தபடி நேராக ஷெட்டுக்கு வந்து, "வடபழனிப் பொண்ணை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வந்திருக்காங்க. நினைவே இல்லை," என்றார். ஸ்டூடியோவில் மத்தியானச் சாப்பாடு முடிந்து மிஷினில் உட்கார்ந்தவள், "தலை" என்று மட்டும் சொன்னாளாம். நான் போனபோது தலைக்குக் கீழே துணி சுருட்டி வைத்துப் படுக்க வைத்திருந்தார்கள். மூச்சு பெரிது பெரிதாக வந்தது. விரலில் தையல்காரர்கள் மாட்டிக்கொள்ளும் ஊசிக்கவசம் இன்னும் அப்படியே இருந்தது. யாருக்கும் அதைக் கழற்றத் தோன்றவில்லை. நான் கழற்றினேன். மறுநாள் விடியும் முன்பே போய்விட்டாள்.

டாக்டர் வராந்தாவில் சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தார். அவருக்கு என்ன கேட்க வேண்டுமென்று எனக்குத் தெரியும். கேட்கமாட்டார் என்றும் தெரியும். அவள் புருஷன்தான் அவரிடம் வந்தார். முகம் வீங்கியிருந்தது.

"சார், தலைக்குள்ள கீற அத்த எடுத்துப் பாத்தா உங்களுக்கு எதுனா தெரியுமா?"

டாக்டர் அவர் பக்கம் திரும்பினார். "தெரியலாம். தெரியாமலும் போகலாம். இன்னும் நாலு பேருக்கு உதவலாம். ஆனா நீங்க இப்போ இதை யோசிக்க வேண்டாம்," என்றார்.

"நான் யோசிக்கல சார். அவ சொல்லிகினே இருப்பா. நான் செத்தா சார் அத்த பாக்கட்டும், அக்கா வரையட்டும்னு. நான்தான் வாய மூடுடின்னு திட்டுவேன்." அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை.

அவள் மாமியார் மார்பில் அடித்துக்கொண்டு எதிர்த்தாள். ஆனாலும் அவர் கையெழுத்துப் போட்டார். உடலைச் சாயங்காலமே வடபழனிக்குக் கொண்டுபோனார்கள்.

மருந்தில் ஊறவைத்த மூளையை அறுப்பதற்குச் சில வாரங்கள் காத்திருக்க வேண்டும். அந்த வாரங்களில் நான் சரியாகச் சாப்பிட்டதாக நினைவில்லை. அதை வரைய ஒத்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று அம்மா சொன்னாள். "அவ உன்கிட்ட சிரிச்சுப் பேசிண்டு இருந்தவ. உனக்கு எப்படிடி மனசு வரும்?" என்றாள். வேறு யாரும் அதை வரைவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அந்த நாள் வந்தது. ஆஸ்பத்திரியின் பின்கட்டில் ஓர் அறை. மேஜைமேல் வெள்ளைத் தட்டில் அது இருந்தது. பல வருஷங்கள் ஒரு வீட்டின் வரைபடத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அந்த வீட்டுக்குள்ளேயே நுழைந்தாற்போல், ஒவ்வொரு வளைவும் எனக்குத் தெரிந்தது. இங்கே இரண்டாகப் பிரியும், இங்கே பின்னால் மடங்கும். டாக்டர் சின்ன இடுக்கியால் இழை இழையாகப் பிரித்துக் காட்டினார். படத்தில் தெரிந்தவற்றைவிட இன்னும் நிறைய இருந்தன. மூளையை மூடியிருக்கும் தோலிலிருந்தே இழைகள் இறங்கி வந்திருந்தன. அவர் காட்டுவார், நான் போடுவேன்.

நடுவில் ஒரு சமயம், நான் பென்சிலை வைத்துவிட்டுத் தட்டின் பக்கம் காதைச் சாய்த்திருந்தேன். என்னை அறியாமல் செய்தது. டாக்டர் பார்த்தார். எனக்கு ஏதாவது கேட்டது என்று எழுதினால் அது பொய். ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாமையைத்தான் இத்தனை வயதுக்குப் பிறகும் என்னால் தாங்க முடியவில்லை.

படங்கள் மூன்றையும் டாக்டர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் காட்டினார். கட்டுவதற்கு முன், கட்டிய பின், கடைசியாக. தான் செய்தது பலிக்கவில்லை என்று நின்று சொல்வதற்கு யாரும் கை தட்டமாட்டார்கள். தட்டவில்லை என்றே அவர் வந்து சொன்னார். கோபாலபுரத்துப் பையனின் அப்பாவைக் கூப்பிட்டு, அவளுக்குச் சத்தம் திரும்பியதிலிருந்து தள்ளிப்போட்டு வந்த கட்டும் அறுவையை ரத்து செய்துவிட்டதாகச் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன். அந்த மனிதர் மிகவும் கோபப்பட்டார்.

"முழுசா எடுக்க முடிஞ்சா எடுக்கணும். முடியலேன்னா தொடாம விட்டுடணும்," என்றார் டாக்டர். "பாதி வேலை இதுல கூடாது. அதை ஒரு பொண்ணு எனக்குக் காட்டிட்டுப் போயிருக்கா."

அந்தப் பையனுடையது மூளையின் மேற்பரப்பில் இருந்த சின்ன முடிச்சு. ஒரு வருஷம் கழித்து, மைக்ராஸ்கோப் வைத்துப் பார்த்து முழுவதுமாக எடுத்தார். பையன் பிழைத்தான். படிப்பையும் முடித்தான்.

எனக்குக் கல்யாணமாகி, அடையாற்றுக்குப் போவது நின்றுபோயிற்று. டாக்டரும் வேறு ஊருக்குப் போய்விட்டார்.

எழுபதுகளின் கடைசியில் இருக்கும், ஆழ்வார்பேட்டையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். எதிரே போன சைக்கிள் ரிக்‌ஷா ஒன்று சட்டென்று நின்றது. அவள் புருஷன் இறங்கி வந்தார். தலை கொஞ்சம் நரைத்திருந்தது. வண்டியில் அவர் மறுபடி கட்டிக்கொண்ட பெண், மடியில் ஆறேழு மாதக் குழந்தை. சௌக்கியம் விசாரித்தார். பிறகு அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பி, "இவங்க..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். நான் யார் என்று அவளிடம் எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

"படம் வரையறவ," என்று நானே சொன்னேன்.

அந்தப் பெண் சிரித்தாள். "சினிமா பேனரா? எந்தக் கம்பெனிலக்கா?"

அவர் என்னைப் பார்த்தார். "அதெல்லாம் இப்போ உட்டுட்டாங்க," என்று அவளுக்குப் பதில் சொல்லிவிட்டு, குழந்தையைத் தூக்கி ஒரு நிமிடம் என் கையில் கொடுத்தார். கனமான குழந்தை. என் மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுத்தது. பஸ் வந்துவிட்டது.